‘நிலைமை பதற்றமாக உள்ளது’ என்று எழுதாதீர்கள்

வாசகர் கேள்வி - பதில்

ஐ.நா. அமைதிப் பணிகளில் அரசியல் அறிக்கை அதிகாரியாக, அதாவது களத்தில் நடப்பதை விசாரித்து மேலிடத்துக்கு எழுதுபவராக, வேலை பார்ப்பது பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வந்தது. அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். பொதுவாகப் பேசினால் ஒன்றும் விளங்காது என்பதால், தெற்கு சூடானில் இயங்கும் ஐ.நா. பணியான ‘அன்மிஸ்’ஸை வைத்தே சொல்கிறோம்.

இந்த அதிகாரி நிருபரா, உளவாளியா? (வாசகர், திருச்சி)

உளவாளி தான் யார் என்பதை மறைப்பார். இவரோ ஐ.நா. என்று எழுதிய வெள்ளை வண்டியில் போய் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, இன்ன விஷயம் பேச வந்தேன் என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். நிருபர் ஊருக்கே எழுதுகிறார். இவர் எழுதுவது முதலில் தெற்கு சூடானின் தலைநகர் ஜூபாவில் இருக்கும் பணித் தலைவருக்கும், அவர் வழியாக நியூயார்க்குக்கும்.

எதை எழுதுவது என்பதைப் பாதுகாப்பு கவுன்சிலின் தீர்மானம்தான் முடிவு செய்கிறது. 2011 ஜூலை 8 அன்று நிறைவேறிய 1996ஆம் எண் தீர்மானம் புதிய நாட்டைக் கட்டியெழுப்ப உதவச் சொன்னது. 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர் வெடித்த பிறகு, 2014 மே மாதம் வந்த 2155ஆம் எண் தீர்மானம் அதை மாற்றியது. பொதுமக்கள் பாதுகாப்பு, மனித உரிமை, நிவாரணம் போய்ச்சேர வழி, சண்டை நிறுத்தம் ஆகிய நான்குமே வேலை என்றாகிவிட்டது. வேலையில் சேரும் நாளில் நடப்புத் தீர்மானத்தை வரி வரியாகப் படியுங்கள். கவர்னருக்கும் அவருடைய துணைவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது வெறும் வம்பாகவும் இருக்கலாம். அதனால் நிவாரண லாரிகள் சாவடியில் நிற்கின்றன என்றால் அது அறிக்கை.

ஒரு நாளில் எத்தனை அறிக்கை? யார் யாருக்கு? (வாசகி, கோவை)

அடிப்படை, தினசரி நிலவர அறிக்கை. அங்கே எல்லோரும் ‘சிட்ரெப்’ என்றே சொல்வார்கள். மாநிலத் தலைநகரங்களில் உள்ள கள அலுவலகங்களில் காலையில் ராணுவம், போலீஸ், மனித உரிமை, சிவில் விவகாரம் என எல்லாப் பிரிவினரும் கூடிப் பேசுவார்கள். அன்றைய தகவல் ஜூபாவில் உள்ள கூட்டுச் செயல்பாட்டு மையத்துக்குப் போகும். அங்கே ஒன்றாகத் தொகுத்து நியூயார்க்கின் நெருக்கடி மையத்துக்கு அனுப்புவார்கள். கடந்த 24 மணி நேரத்தில் நடந்தவை மட்டும்தான் இதில் இருக்கும். ஆராய்ச்சிக்கு இடமில்லை.

பெரிதாக ஏதாவது நடந்தால் மாலை வரை காத்திருக்கக் கூடாது. உடனே ‘ஃபிளாஷ்’ போக வேண்டும். என்ன, எங்கே, எப்போது, நம் ஆட்கள் பத்திரமா, இன்னும் தெரியாதது எது, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு என்று பத்து வரி போதும். ‘இன்னும் தெரியாதது’ என்ற வரியைப் புதியவர்கள் கௌரவக் குறைச்சல் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். மேலே படிப்பவர் முதலில் தேடுவதே அதைத்தான்.

அடுத்தது ‘கோட் கேபிள்’. பணித் தலைவர் பெயரில், மறைகுறியாக்கம் செய்து போகும் கடிதம் இது. பொருள் விளக்கமும் பரிந்துரையும் இங்கேதான் வரும். இவற்றுக்கெல்லாம் மேலே, பாதுகாப்பு கவுன்சிலுக்கு 90 நாளைக்கு ஒருமுறை போகும் பொதுச்செயலாளர் அறிக்கை. அதற்கு 8,500 சொல் என்ற வரம்பு உண்டு. நாடு முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும் என்பதால், ஒரு கள அலுவலகத்தின் மூன்று மாத உழைப்பு இரண்டு வாக்கியமாகச் சுருங்கும். மனம் நோக வேண்டாம். அந்த இரண்டு வாக்கியமும் தவறில்லாமல் இருந்தால் போதும்.

இன்னொன்று: ஜூபாவில் அமைச்சர், கவர்னர் நியமனங்களும் நீக்கங்களும் பெரும்பாலும் இரவில் அரசுத் தொலைக்காட்சியில் ஆணையாக வாசிக்கப்படும். அரசியல் பிரிவில் இருப்பவருக்கு அந்தச் செய்தி முடியும்வரை வேலை முடியாது.

ஒரு தாக்குதலில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? ஆளுக்கொரு எண் சொல்கிறார்களே! (வாசகர், யாழ்ப்பாணம்)

இந்த வேலையின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். நடந்த ஒன்றையே பார்ப்போம். 2011 டிசம்பர் கடைசியில் ஜோங்லெய் மாநிலத்தில், லூ நுவேர் இனத்து இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் ஆயுதங்களோடு திரண்டு, முர்லே மக்கள் வாழும் பிபோர் பகுதியைத் தாக்கினார்கள். மாடு கவர்தலும் பழிவாங்கலுமாக நெடுநாள் புகைந்த பகை அது. ஜனவரி தொடக்கத்தில் பிபோர் கவுண்டியின் (மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு) கமிஷனர், 3,000 பேருக்கு மேல் இறந்ததாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். உலகமெங்கும் அந்த எண் போனது. அன்மிஸ்ஸின் மனித உரிமைப் பிரிவு ஊர் ஊராகப் போய் விசாரித்து 2012 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில், முர்லே பகுதித் தாக்குதல்களில் 612 பேரும், முர்லேக்களின் பதிலடியில் 276 பேரும் இறந்ததாக இருந்தது.

கமிஷனர் பொய் சொன்னார் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. புதருக்குள் ஓடி ஒளிந்தவர்கள், காணாமல் போனவர்கள், கடத்தப்பட்ட குழந்தைகள் எல்லாம் முதல் வாரத்தில் ‘இறந்தவர்’ கணக்கில் சேர்ந்துவிடுவது வழக்கம். 612 என்பதும் முழுக் கணக்கு ஆகாது. விசாரித்தவர்களால் உறுதி செய்ய முடிந்த எண் அது. ஆகவே ஜனவரியில் எழுதும் அதிகாரி செய்ய வேண்டியது: “கமிஷனர் 3,000-க்கு மேல் என்கிறார். எங்கள் ரோந்து நேரில் கண்டது இத்தனை. மற்றவை உறுதியாகவில்லை.” இரண்டு எண்களுக்கும் நடுவில் தாமாக ஓர் எண்ணைப் போடுவதுதான் பெரும்பாவம். அப்படி ஒரு நடு எண்ணை எந்தச் சாட்சியும் சொல்லவில்லை.

அடுத்த குழி, ஒரே சம்பவம் நாலாகப் பெருகுவது. ராணுவப் பார்வையாளர், ஐ.நா. போலீஸ், ஒரு தொண்டு நிறுவனம், ஒரு பாதிரியார் என நாலு பேர் ஒரே செய்தியைச் சொன்னால் நாலு சான்று கிடைத்ததாகத் தோன்றும். “உங்களுக்கு யார் சொன்னார்கள்?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே போங்கள். பல நேரம் நாலும் ஒரே கடைக்காரரின் ஒரே தொலைபேசி அழைப்பில் போய் முடியும். நள்ளிரவைத் தாண்டி நடந்த சண்டை இரண்டு தேதிகளில் பதிவாவதும் சகஜம். புதிய சம்பவம் என்று எழுதுமுன் முந்தைய மூன்று நாள் அறிக்கைகளை ஊர்ப்பெயர் வைத்துத் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

நல்ல வாக்கியம், கெட்ட வாக்கியம் உதாரணத்தோடு சொல்ல முடியுமா? (இதழியல் மாணவி, சென்னை)

‘நிலைமை பதற்றமாக உள்ளது, ஆனால் கட்டுக்குள் உள்ளது.’ உலகத்தின் எல்லா அமைதிப் பணிகளிலும் தினமும் எழுதப்படும் இந்த வாக்கியத்தில் ஒரு தகவலும் இல்லை. யாருக்குப் பதற்றம், எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

அதற்குப் பதில், கற்பனையாக ஒன்று: “காலை 7.40க்கு ரோந்து போனபோது சந்தையில் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. முந்தின இரவு 9 மணிக்குப் பின் ஆற்றுப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டதாக இரண்டு கடைக்காரர்கள் தனித்தனியே சொன்னார்கள். குடித்த சிப்பாய் ஒருவர் வானத்தை நோக்கிச் சுட்டார் என்கிறது கமிஷனர் அலுவலகம். காயம்பட்டு யாரும் வரவில்லை என்கிறது மருத்துவமனை. கருத்து: சம்பளம் வராத சிப்பாய்கள் சுடுவது இந்த மாதம் இது மூன்றாம் முறை.”

கண்டது, கேட்டது, அதிகாரி சொன்னது, கடைசியில் எழுதியவரின் கருத்து. ‘கருத்து’ என்று தனியாகக் குறித்துவிடுவதால், நாளை கருத்து தவறிப்போனாலும் தகவல் கெடாது. வினைச்சொல்லிலும் கவனம் தேவை. ‘உறுதி செய்தார்’ என்றால் அவருக்கு நேரடியாகத் தெரியும் என்று பொருள். மற்ற இடங்களில் ‘சொன்னார்’ போதும். ‘ஒப்புக்கொண்டார்’ என்று எழுதினால் குற்றவாளி ஆக்கிவிடுவீர்கள்.

தகவல் தந்தவரை எழுத்தும் எண்ணும் கொண்டு தரம் பிரிக்கும் முறையும் உண்டு. ஏ முதல் எஃப் வரை ஆளின் நம்பகத்தன்மை, 1 முதல் 6 வரை செய்தியின் நம்பகத்தன்மை. நம்பகமான ஆள் தவறான செய்தியும் சொல்லலாம் என்பதால்தான் இரண்டும் தனித்தனி.

ஊர், மாநிலப் பெயர்களில் குழப்பம் வராதா? (வாசகர், புதுச்சேரி)

வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மாநிலம், கவுண்டி, பாயம், போமா என்று நான்கு அடுக்கு நிர்வாகம். பத்தாக இருந்த மாநிலங்கள் 2015இல் 28 ஆயின, 2017இல் 32, 2020 பிப்ரவரியில் மீண்டும் பத்தும் மூன்று நிர்வாகப் பகுதிகளும். பிபோர் இப்போது ஜோங்லெயில் இல்லை, தனி நிர்வாகப் பகுதி. பழைய அறிக்கையை ஒப்பிடும்போது தேதியைப் பார்க்காமல் மாநிலப் பெயரை மட்டும் நம்பினால் கணக்கு உதைக்கும். ஜோங்லெயின் தலைநகர் பெயர் ‘போர்’ என்பதால் தமிழில் குறிப்பெடுப்பவருக்குக் கூடுதல் தலைவலி!

இடக்குறியீட்டில் ராணுவத்தினர் ஒரு கட்ட முறையையும் மற்றவர்கள் அட்சரேகை, தீர்க்கரேகையையும் தருவார்கள். மாற்றி எழுதுமுன் வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். நேரமும் அப்படியே. 2021 பிப்ரவரி 1 முதல் ஜூபா கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்கு வந்துவிட்டது.

மொழி தெரியாமல் எப்படி விசாரிப்பது? (வாசகி, மதுரை)

மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான். அவர் எந்தச் சமூகத்தவர் என்பது அங்கே பெரிய விஷயம். டிங்கா இனத்தவர் ஒருவரை அழைத்துக்கொண்டு நுவேர் ஊருக்குப் போனால் வாய்கள் மூடிக்கொள்ளும், அவருக்கும் ஆபத்து. புறப்படுமுன் அவரிடமே தனியாகக் கேளுங்கள், அவர் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். நீங்கள் ஓரிரு வருடத்தில் போய்விடுவீர்கள், அவர் அங்கேயே குடும்பத்தோடு இருக்க வேண்டியவர்.

கமிஷனரிடம் முதலில் விவசாயம், மழை, பள்ளிக்கூடம். சண்டை பற்றி மூன்றாவது கேள்வியாக வரட்டும். குறிப்பேட்டில் சாட்சியின் முழுப் பெயர் வேண்டாம். சாவடியில் அந்தக் குறிப்பேடு பிடுங்கப்படலாம் என்று நினைத்தே எழுதுங்கள். ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை சாலைகள் சேறாகிவிடும். அந்த மாதங்களில் ஹெலிகாப்டரும் தொலைபேசியும்தான் வழி. அப்போது அறிக்கையில் சம்பவங்கள் குறைந்தால், சண்டை குறைந்துவிட்டது என்று துள்ள வேண்டாம். நாம் போக முடியாததும் காரணமாக இருக்கும் என்று அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள்.

என்ன படிக்க வேண்டும், எப்படி விண்ணப்பிப்பது? (வாசகர், சேலம்)

அரசியல், சர்வதேச உறவு, சட்டம் போன்ற துறையில் முதுகலை. அதோடு ஐ.நா.வின் பதவிப் படிநிலையில் பி-2 நிலைக்கு 2 வருடம், பி-3க்கு 5, பி-4க்கு 7 வருடம் தொடர்புள்ள அனுபவம். இளங்கலை மட்டும் என்றால் வழக்கமாக இன்னும் 2 வருட அனுபவம் கேட்பார்கள். ஐ.நா.வின் வேலைவாய்ப்பு இணையதளத்தில் மட்டும் விண்ணப்பம். எந்தக் கட்டத்திலும் ஐ.நா. கட்டணம் கேட்காது. பதிவுக் கட்டணம், விசா கட்டணம் என்று யாராவது கேட்டால் அது மோசடி.

எழுத்துத் தேர்வில் பெரும்பாலும் ஒரு கட்டுக் காகிதம் கொடுத்து, குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒன்றிரண்டு பக்க அறிக்கை கேட்பார்கள். முரண்படும் இரண்டு எண்களை வேண்டுமென்றே உள்ளே வைத்திருப்பார்கள். எதைத் தேர்ந்தீர்கள் என்பதைவிட, முரணைச் சுட்டினீர்களா என்று பார்ப்பார்கள். நேர்முகத் தேர்வில் ‘நாங்கள் செய்தோம்’ என்பதற்கு மதிப்பெண் இல்லை. நீங்கள் தனியாக என்ன செய்தீர்கள் என்று சொல்ல வேண்டும்.

முதல்முறை நுழைய, ஐ.நா. தன்னார்வலர் திட்டமே பலருக்கு நடைமுறையில் கைகூடும் வழி. ஆங்கிலம் அவசியம். ஜூபாவுக்கு அரபி கைகொடுக்கும், காங்கோவுக்கு பிரெஞ்சு இல்லாமல் முடியாது.

வேலை நிரந்தரமா? குடும்பத்தைக் கூட்டிப் போகலாமா? (வாசகி, ஈரோடு)

இரண்டுக்கும் பதில் ‘இல்லை’தான். கவுன்சில் தீர்மானம் நீட்டிக்கப்படும் வரைதான் பணி. மாலி அரசு போகச் சொன்னதும் அங்கிருந்த பெரிய பணி 2023 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது. இப்போது நிதித் தட்டுப்பாட்டால் இருக்கும் பணிகளிலும் ஆட்குறைப்பு நடக்கிறது. ஜூபா குடும்பத்தோடு வாழ அனுமதியில்லாத இடம். சில வாரங்களுக்கு ஒருமுறை ஓய்வு விடுப்பு கிடைக்கும்.

அங்கே பார்த்ததை ஃபேஸ்புக்கில் எழுதலாமா? (வாசகர், நாகர்கோவில்)

கூடாது. வேலையில் தெரிந்துகொண்டதை அனுமதியில்லாமல் வெளியே சொல்லக் கூடாது. எந்த அரசிடமும் உத்தரவு பெறக் கூடாது என்றும் ஐ.நா. சாசனத்தின் 100ஆவது பிரிவு சொல்கிறது. சொந்த நாட்டுத் தூதரக நண்பர் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு ஓர் அறிக்கையின் நகல் கேட்டாலும் இதே விதிதான். ஆவணங்களில் சாதாரணம், ரகசியம், மிக ரகசியம் என்று மூன்று தரம் உண்டு. படம் போடுவதிலும் எச்சரிக்கை வேண்டும். நைல் நதியோரச் சூரிய அஸ்தமனம் என்று நினைத்துப் போட்ட படத்தின் மூலையில், உங்களோடு பேசிய ஊர்ப் பெரியவரின் வீட்டு வாசல் தெரியலாம்.