பாதிப் பால்

அன்புள்ள அக்கா,

என் மகனுக்குப் பதினோரு மாதம். முதல் மூன்று வாரம் காம்பு வெடித்து ரத்தம் வந்தது. அவனும் அழ, நானும் அழ, மாமியார் பவுடர் பாலைக் கரைத்துக்கொண்டு வந்து நிற்பார். பிறகு ஒருவழியாகச் சரியானது, முழுசாக இல்லை. கடைசிவரை என் பால் பாதி, பவுடர் பாதிதான். இப்போது எங்கள் தெருவில் பிள்ளை பெற்ற இரண்டு பேர் ராத்திரியில் எனக்குத்தான் போன் செய்கிறார்கள். போய் உட்கார்ந்து பார்க்கிறேன். போன வாரம் அதில் ஒருத்தியின் மாமியார், "இவளுக்கே பால் இல்ல, இவ என்னத்த சொல்லித்தரப் போறா" என்றார். அதிலிருந்து போகவே கூசுகிறது. நான் நர்ஸ்கூட இல்லை. எனக்கு என்ன தகுதி?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

என் மூத்தவள் பிறந்த இரண்டாம் நாள், வார்டில் ஒருவர் வந்து ஒரு பக்கம் அழுத்திப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்குப் பால் இல்லம்மா" என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். என்னிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டாம் நாள் யாருக்கு ஐயா குடம் குடமாகச் சுரக்கிறது? சீம்பால் சொட்டுக் கணக்கில்தான் வரும். அப்போது குழந்தையின் வயிற்றுக்கு ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு டீஸ்பூனே போதும். இது எனக்குத் தெரிவதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. அதற்குள் பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு எல்லாம் ஆயிற்று. புட்டு நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன்.

என்னைக் கரையேற்றியது மாடி வீட்டு அக்கா. வந்தவர் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிள்ளை விட்டத்தைப் பார்த்துப் படுத்திருக்க, அதன் தலையை மட்டும் நான் மார்புப் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தேன். "நீ கழுத்தைத் திருப்பிக்கிட்டுச் சோறு தின்பியா?" என்றார். பிள்ளையின் வயிறு என் வயிற்றில் படும்படி மொத்தமாகத் திருப்பினார். பின்மண்டையை அழுத்திக்கொண்டிருந்த என் கையை எடுத்துத் தோளுக்குக் கீழே வைத்தார். கொட்டாவி விடுகிற மாதிரி அது வாயைப் பிளக்கும்வரை காத்திருந்து, முகவாய் முதலில் படுகிறபடி சேர்த்து அணைக்கச் சொன்னார். காம்பு மட்டும் வாய்க்குள் போனால் வெடிக்கத்தான் செய்யும். கறுப்பு வட்டமும், முக்கியமாக அதன் கீழ்ப்பக்கம், உள்ளே போக வேண்டும். அன்றைக்குத்தான் அவள் விழுங்கும் சத்தத்தை முதல்முறை கேட்டேன்.

"உங்க பையனுக்கு எத்தனை மாசம் குடுத்தீங்க?" என்று கேட்டேன். "பத்து நாள். அப்ப எனக்கு யாரும் சொல்லித்தரல" என்றார்.

1956இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஏழு பெண்கள் சேர்ந்து 'லா லெச்சே லீக்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மார்பு என்ற சொல்லையே நாகரிகமில்லாததாக நினைத்த காலம் என்பதால், பால் என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லைப் பெயராக வைத்துக்கொண்டார்கள். ஏழு பேரும் பிள்ளைக்காரிகள். அவர்களில் ஒருவரான மேரியன் டாம்ப்ஸன், முதல் மூன்று குழந்தைகளுக்கும் நினைத்தபடி பால் கொடுக்க முடியாமல் புட்டிக்குப் போனவர். உங்கள் தெரு மாமியார் அவரைப் பார்த்தும் அதையேதான் கேட்டிருப்பார். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989இல் மருத்துவமனைகளுக்குப் பத்து வழிமுறைகள் வகுத்தபோது பத்தாவதாக வைத்தது இதைத்தான்: தாய்மாருக்கு உதவும் குழுக்கள் உருவாகத் துணை நின்று, வீடு திரும்பும் பெண்களை அவர்களிடம் அனுப்பிவைப்பது.

தகுதியைப் பற்றி நான் பயப்படுவது வேறு இடத்தில். எனக்குச் சரியான பிறகு கொஞ்ச காலம் தலைகால் புரியாமல் இருந்தேன். உறவுக்காரப் பெண் ஒருத்தி போன் செய்தபோது, நேரில் போய்ப் பார்க்காமலே, "பவுடர் பாலா? தொடவே தொடாதே" என்றேன். சில நாளில் குழந்தை துவண்டு, உடம்பு மஞ்சள் பூத்து, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. குழந்தை பிழைத்துக்கொண்டது. அவள் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. நியாயம்தான்.

அதனால் இப்போது நான் முதலில் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகுது?" ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஆறு தடவைக்குக் குறைந்தாலோ, குடிக்க எழுப்பினாலும் எழாமல் தூங்கினாலோ, இரண்டு வாரத்தில் பிறந்த எடை திரும்பாவிட்டாலோ அது நம் வேலை இல்லை, உடனே டாக்டர். தாய்க்கு மார்பு சிவந்து கட்டி, காய்ச்சலும் வந்தால் அதற்கும் டாக்டர்தான்.

பவுடர் கொடுப்பவளை நீங்கள் திட்ட மாட்டீர்கள் என்று தெரியும். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: எடுக்க எடுக்கத்தான் சுரக்கும். பவுடர் கொடுக்கும் ஒவ்வொரு வேளையும் கையால் பீய்ச்சி ஒரு பாலாடையில் எடுக்கட்டும். நாலு சொட்டு வந்தாலும் எடுக்கட்டும். அதைப் பிள்ளைக்கே ஊட்டிவிடலாம். உங்கள் பாதிக் கணக்கை அவளிடம் மறைக்காதீர்கள். அதைக் கேட்டால்தான் அவள் தன் கணக்கைச் சொல்வாள்.

இன்னொன்று. அடுத்த தடவை போகும்போது அந்த மாமியாரையும் உள்ளே கூப்பிட்டுக்கொள்ளுங்கள். பால் குடித்து முடித்ததும் பிள்ளையை அவர் தோளில் போட்டு ஏப்பம் விடவைக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அவள் இரண்டு வாய் சோறு சாப்பிட்டுவிடலாம்.