கல்யாணப் பத்திரிகையில கர்சிவ் எழுத்து: ஃபான்ட்டுக்கு 2,500 ரூபா தரணுமா?

ஈரோட்டுல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. தங்கச்சி கல்யாணப் பத்திரிகையில பொண்ணு மாப்பிள்ளை பேரை இங்கிலீஷ்ல கிரேட் வைப்ஸ்ங்கிற கர்சிவ் (எழுத்தெல்லாம் ஒட்டி வர்ற) ஃபான்ட்ல, மினுமினுக்கிற தங்கக் கலர் தாள் ஒட்டுற கோல்டு ஃபாயில்ல போடணுமாம், கடைக்காரர் ஃபான்ட் லைசென்ஸ்னு தனியா 2,500 ரூபா கேக்குறாராம், கொடுக்கணுமா? அதோட ப்ரூஃப்ல, அதான் மாதிரிக்கு அடிச்சுக் காட்டுறதுல, பேரு அங்கங்க ஒடிஞ்சு தெரியுது, ஃபான்ட்டே சரியில்லையா?

கொடுக்காதீங்க தம்பி. கிரேட் வைப்ஸை வரைஞ்சவர் அமெரிக்காவுல இருக்கிற ராபர்ட் லஷ்கி, அதை ஓபன் ஃபான்ட் லைசென்ஸ்ல எல்லாருக்கும் இலவசமா கொடுத்துட்டாரு. கூகுள் ஃபான்ட்ஸ்ல பேரை அடிச்சா வரும், பத்திரிகை அடிக்கலாம், கடை போர்டு போடலாம், காசு வாங்கிட்டு செய்யுற வேலைக்கும் போடலாம், யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம். அந்த ஃபான்ட்டை மட்டும் தனியா விக்கக்கூடாதுன்னு அந்த லைசென்ஸ்லயே எழுதியிருக்கு.

இதுல ஒண்ணு மட்டும் நியாயமா சொல்லணும். டிசைன் பண்ணுற கூலி வேற, லைசென்ஸ் வேற. பேரோட முதல் எழுத்தை எடுத்து வாலை இழுத்து பக்கத்துப் பேரோட சுருளா பின்னிக் கொடுத்தாருன்னா அது ரெண்டு மூணு மணி நேர வேலை, அதுக்கு 2,500 கேட்டா தப்பே இல்ல, சந்தோஷமா கொடுங்க, பேரம் கூட பேசாதீங்க. ஆனா பில்லுல "டிசைன் சார்ஜ்"னு எழுதச் சொல்லுங்க. வெறும் பேரை டைப் பண்ணி வச்சுட்டு லைசென்ஸ்னு கேட்டா, எந்த லைசென்ஸ், யாருக்குக் கட்டுனீங்க, ரசீது எங்கன்னு கேளுங்க. அதே மாதிரி 5,000 ஃபான்ட் பென் டிரைவ்ல தர்றேன்னு வர்ற ஆளுங்ககிட்ட வாங்கவே வாங்காதீங்க, மத்தவங்க உழைச்சு வரைஞ்சதை திருடி விக்கிறாங்க அது. "ஃப்ரீ"னு போட்டிருக்கிற சைட்ல பாதி வெறும் டெமோ ஃபைல், இறக்கிப் பாத்தா நம்பர் இருக்காது, முகூர்த்த தேதி அடிக்கிற இடத்துல கட்டம் கட்டமா வரும். இந்த லைசென்ஸை எல்லாம் வக்கீல் இங்கிலீஷ்ல எழுதி வச்சா சாதாரண ஜனம் எப்படி படிக்கும், ஒரு பக்கம் தமிழ்ல கொடுத்தா என்ன, வருஷக்கணக்கா இதைத்தான் நான் கேட்டுட்டு இருக்கேன்.

சரி, எழுத்து ஏன் ஒடியுது? ஃபான்ட் மேல குத்தம் இல்ல. ப்ரூஃபை வெளிச்சத்துல வச்சுப் பாருங்க. ஒரு எழுத்தும் அடுத்த எழுத்தும் சேர்ற இடத்துல எல்லாம் ஒரே அளவு கேப் இருந்தா, கோரல்ங்கிற டிசைன் சாஃப்ட்வேர்ல எழுத்து இடைவெளியை இழுத்து வச்சிருக்காங்கன்னு அர்த்தம். சாதா எழுத்தை அப்படி விரிச்சு வரியை நிரப்பலாம், கர்சிவ்ல அந்த ஒட்டு தான் உயிர். ஈய அச்சு காலத்துல சாய்ஞ்ச எழுத்தை இப்படி ஒட்ட வைக்கிறது பெரும் பாடு, வெளிய நீட்டுற பகுதி உடைஞ்சு போயிடும். ஈயம் இல்லாம எழுத்தை போட்டோவா பிடிக்கிற போட்டோ டைப்செட்டிங் வந்த பிறகு 1966ல மேத்யூ கார்ட்டர்ங்கிற எழுத்து டிசைனர் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்னு ஒரு ஃபான்ட் கொண்டு வந்தாரு, சார்ல்ஸ் ஸ்னெல்ங்கிற பழைய இங்கிலீஷ் எழுத்து வாத்தியார் கையெழுத்தைப் பாத்து வரைஞ்சது, அதுல எழுத்து நிஜமாவே கை எடுக்காம எழுதுன மாதிரி சேரும். அவ்ளோ பாடுபட்டு சேத்ததை ஒரு பட்டனைத் தட்டி பிரிச்சு வைக்கிறாங்க. டிடிபி கிளாஸ்ல பட்டன் எது எதுன்னு சொல்லிக் கொடுக்குறாங்க, எழுத்தைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. இடைவெளியை ஜீரோ ஆக்கச் சொல்லுங்க, சேந்துடும்.

கேப் சேர்ற இடத்துல இல்லாம மெல்லிசான கோடுகள்ல விட்டு விட்டு வந்தா அது சைஸ் பிரச்சனை. நிப் பேனாவுல கீழ இழுக்கும்போது அழுத்தம் விழுந்து தடிமனாகும், மேல ஏத்தும்போது மயிரிழை. அந்த மயிரிழை சின்ன சைஸ்ல ஃபாயில்ல பிடிக்காது. நாலு கோடு நோட்டு ஞாபகம் இருக்குல்ல, நடு ரெண்டு கோட்டுக்குள்ள எழுதுற சின்ன எழுத்து இந்த ஃபான்ட்ல ரொம்பவே குட்டி, அதனால 24 பாயின்ட் போட்டாலும் கண்ணுக்கு சின்னதாத்தான் தெரியும். ஃபாயில்னா பேரை 36க்கு மேல வைங்க. போல்டு பட்டனை தட்டாதீங்க, இதுல ஒரே ஒரு வெயிட் (எழுத்தோட தடிமன்) தான், தட்டுனா கம்ப்யூட்டர் சும்மா அப்பி விடும். முழுப் பேரையும் கேப்பிட்டல்ல அடிக்கவே கூடாது, சுருள் மேல சுருள் ஏறி யார் பேருன்னே தெரியாது. மண்டபம் விலாசம், நேரம் எல்லாம் சாதா ஃபான்ட்ல போட்டுடுங்க, வயசானவங்க படிக்கணும்.

தமிழ்ப் பேரையும் இதே ஸ்டைல்ல கேக்காதீங்க, கிரேட் வைப்ஸ்ல தமிழ் எழுத்தே இல்ல, கம்ப்யூட்டர் வேற எதையோ எடுத்துப் போடும். கையெழுத்து மாதிரி சாய்வா வேணும்னா இலங்கைக்காரர் தாரிக் அஸீஸ் செஞ்ச கவிவனார் இருக்கு, அதுவும் கூகுள் ஃபான்ட்ஸ்ல இலவசம், இங்கிலீஷ் எழுத்தும் அதுலயே உண்டு. அதுக்கு யூனிகோடுல, அதாவது எல்லா கம்ப்யூட்டருக்கும் ஃபோனுக்கும் பொதுவான எழுத்து முறையில, டைப் பண்ணியிருக்கணும். யூனிகோடை 2010லயே தமிழ்நாடு அரசு ஏத்துக்கிச்சு, இன்னும் நிறைய கடையில பாமினி மாதிரி பழைய முறையில அடிச்சுட்டு ஃபான்ட்டை மாத்துனா எழுத்து குப்பையாகுதுன்னு நம்மகிட்டயே சொல்றாங்க, அதனால பேரெல்லாம் நீங்களே ஃபோன்ல டைப் பண்ணி (அது யூனிகோடு தான்) வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க, ப்ரூஃப் வந்ததும் நிஜ அளவுல, நீங்க எடுத்த அதே அட்டையில ஒண்ணு அடிச்சுத் தரச் சொல்லி இனிஷியலையும் "ஸ்ரீ"யையும் ஒண்ணொண்ணா ஒத்துப் பாருங்க.