மாமிக்கு உரு வருவது மனநோயா?

முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலன்று உங்கள் மாமிக்கு உரு வருவது, அதாவது சாமி வந்து ஆடுவது, மட்டுமே மனநோய் ஆகிவிடாது. உலக சுகாதார நிறுவனத்தின், 2022இல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாடுகூட, ஒரு சமூகம் தன் வழிபாட்டின் பகுதியாக ஏற்றுக்கொண்ட உருவேறலைக் கோளாறாகக் கணக்கிடுவதில்லை. அப்படி வழிபாட்டோடு சேராமல், விருப்பமின்றித் திரும்பத் திரும்ப வந்தோ ஒரே முறையில் பல நாள் நீடித்தோ, கடும் துயரத்தையோ அன்றாட வாழ்வில் முடக்கத்தையோ தந்தால்தான் கோளாறு என்கிறது.

ஆனால், இரண்டு மாதங்களாக அடுப்படியில் நிற்கும்போதும் குரல் மாறிப் பேசுகிறார், பிறகு எதுவும் நினைவில்லை என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கவலைப்படுத்துவது அதுதான். மகளின் கலியாணம் குழம்பிய பிறகே இது தொடங்கியது என்பதால், வாய்விட்டுச் சொல்ல முடியாத மன அழுத்தம் காரணமாக இருக்கலாம்.

ஒவ்வொரு முறையும் அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, மறுநாள் வழமைபோல் வயலுக்குப் போனாரா என்பவற்றை ஒரு கொப்பியில் குறித்து, மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள்.

கை கால் வெட்டி இழுத்தாலோ, நாக்கைக் கடித்தாலோ, தன்னறியாமல் சிறுநீர் போனாலோ அது வலிப்பாக இருக்கக்கூடும். அப்படியானால் கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். பேயோட்டுகிறோம் என்று எவரும் அவரை அடிக்க, தயவுசெய்து, இடம்கொடுக்காதீர்கள்.