வீடர் வாங்கலாமா, வாடகையே போதுமா? சேலம் விவசாயிகளுக்குப் பதில்கள்

தலைவாசல்: அண்ணா, குச்சிக்கிழங்கு 4 ஏக்கர். களைக்கு ஆள் கிடைக்கல. களை எடுக்கிற மிஷின், பவர் வீடர், 80,000 சொல்றாங்க. வாங்கலாமா?

8 வருசம் ஓட்டி 8,000க்கு வித்தா, தேய்மானம் வருசம் 9,000. சராசரி மதிப்பு 44,000க்கு 10% வட்டி 4,400. ஆக 13,400, வண்டி சும்மா நின்னாலும் செலவுதான். வாடகை மணிக்கு 500, சொந்த வண்டிக்கு பெட்ரோல், கூலி, ரிப்பேர் 250னு வச்சா, மணிக்கு 250 மிச்சம். அப்போ வருசத்துக்கு 54 மணி நேரமாவது ஓடணும். ஏக்கருக்கு 3 மணி, இரண்டு களைன்னா உங்களுக்கு 24 மணிதான். மீதி 30 மணி அக்கம்பக்கத்துல வாடகைக்கு ஓட்ட முடிஞ்சா வாங்குங்க. உங்க ஊர் ரேட்டைப் போட்டு மறுபடி பாருங்க.

அதுக்கு முன்னாடி டேப் எடுத்து வரிசையை அளங்க. 3 அடி இடைவெளின்னா வீடர் அகலம் 2 அடியைத் தாண்டக் கூடாது. சொட்டுநீர் லேட்டரலை (வரிசையில ஓடுற சின்னக் குழாயை) சுருட்டாம இறங்கினா பிளேடுல சுத்திக்கும். சிலர் வீடரை மூலையில போடுறதுக்கு இதுவும் ஒரு காரணம். நட்டு மூணு மாசத்துக்கு மேல ஓட்டினா கிழங்கு வேர் அறுபடும்.

ஏற்காடு, நாகலூர்: காபித் தோட்டத்துக்கு புல், புதர் வெட்டுற பிரஷ் கட்டர் வாங்கினோம். ஆளுங்க தொடவே மாட்டேங்கறாங்க.

கத்திக்காரருக்கும் மிஷின்காரருக்கும் ஒரே கூலியா? அப்படின்னா அதிர்வையும் சத்தத்தையும் யார் சுமப்பாங்க? கூலியைக் கூட்டுங்க, தோள் பெல்ட்டை அவரவர் உயரத்துக்கு மாத்துங்க, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கொடுங்க. சரிவுல குறுக்காவே நடக்கணும், மேலும் கீழுமா இல்ல. இளங்கன்னு பக்கத்துல, மிளகுக்கொடி அடியில ஒரு முழம் கையாலதான் வெட்டணும். மிஷின்ல கத்திக்குப் பதிலா மாட்டுற நைலான் கயிறு பட்டாகூட பட்டை உரிஞ்சிடும். டூ ஸ்ட்ரோக் எஞ்சின்னா லிட்டர் பெட்ரோலுக்கு 25 மி.லி. ஆயில், கையேட்டுல வேற அளவு இருந்தா அதன்படி. வெறும் பெட்ரோல் ஊத்தினா பிஸ்டன் பிடிச்சுக்கும்.

வாழப்பாடி: சார், 7 ஏக்கர் என் பேர்ல இருக்கு. சிறு விவசாயி இல்லைன்னு மிஷின் மானியம் 40% தானா?

இல்லம்மா, பெண் விவசாயிக்கு 50%. ஆனா விலையில பாதி, அந்த மிஷினுக்கு அரசு வச்ச மானிய உச்சவரம்பு, இதுல எது குறைவோ அதுதான் கிடைக்கும். உழவன் செயலியில பதிஞ்சு, வேளாண்மைப் பொறியியல் துறை அனுமதி வந்த பிறகு மட்டும் கடைக்காரருக்குப் பணம் கட்டுங்க.

ஆத்தூர்: மக்காச்சோள அறுவடை மிஷின் எங்க காட்டுக்கு வர மறுக்குது.

துண்டு துண்டான காட்டுல பாதி நேரம் திரும்புறதுலயே போயிடும், அதான். பக்கத்துக் காட்டுக்காரங்களோட பேசி ஒரே வாரத்துல விதைங்க, வரிசையை நீளவாக்குல போடுங்க. நாலு பேர் சேர்ந்து ஒரே நாளுக்குக் கேட்டா வருவாங்க.