நாமினல் ரோலில் ஏழு பெயர்

அன்புள்ள சார்,

வணக்கம். இந்த ஜூனில்தான் பதவி உயர்வில் நீலகிரி மாவட்டம் பந்தலூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்தேன். அதற்கு முன் 18 வருடம் கணக்கு டீச்சர். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் பணியர், காட்டுநாயக்கர் எனப் பழங்குடி வீட்டுப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளி. மீட்டிங் போனால் 100 சதவீதத் தேர்ச்சி என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. பத்தாம் வகுப்பில் ஏழு பேர் தேறுவது கஷ்டம். அதில் ஒருவன் தீபாவளிக்குப் பிறகு வரவே இல்லை. ‘தேர்வு எழுதுவோர் பெயர்ப்பட்டியலான நாமினல் ரோல் அனுப்புவதற்குள் பெற்றோரிடம் பேசி டி.சி. கொடுத்துவிடுங்கள், பிறகு தனித்தேர்வராக எழுதிக்கொள்ளட்டும்’ என்று அனுபவமுள்ளவர்களே சொல்கிறார்கள். மாலை ஆறு மணி வரை சிறப்பு வகுப்பு வைத்துப் பார்த்தேன், பெண் பிள்ளைகள் நிற்பதில்லை. வகுப்பைக் கவனிக்கப் போய் உட்கார்ந்தால் ஆசிரியர்கள் முகம் மாறுகிறது. ஒரு தலைமையாசிரியரால் உண்மையில் என்னதான் செய்ய முடியும்? பெயரும் ஊரும் போட வேண்டாம்.

வ.

அன்புள்ள டீச்சர்,

டி.சி. கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அக்காவிடம் அப்படி ஒரு டி.சி. இருக்கிறது. கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். அக்கா ஒன்பதாவது முடித்ததும், ‘பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை, பத்தாவதில் ஃபெயிலானால் உங்களுக்குத்தான் கஷ்டம்’ என்று பள்ளியில் அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிக் கையில் கொடுத்தார்கள். அப்பா கைநாட்டு. கும்பிட்டு வாங்கி வந்தார். மறு வாரம் அக்கா அம்மாவோடு கொழுந்து எடுக்கப் போய்விட்டாள். அந்தக் காகிதத்தை இன்றும் ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறாள். மடிப்பு கிழிந்து, பின்னால் ஒட்டிய டேப்பும் மஞ்சளாகிவிட்டது. ‘மாணவரின் ஒழுக்கமும் பண்பும்’ என்ற இடத்தில் அழகான கையெழுத்தில் ‘நன்று’ என்றிருக்கும். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அதை எடுத்துக் காட்டி, “நன்றுன்னுதானே போட்டிருக்காங்க, அப்புறம் ஏன்டா அனுப்பினாங்க?” என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

ஃபெயிலாவது அவமானம் என்று நினைத்துத்தான் நல்ல ஆசிரியர்கள்கூட இந்த யோசனைக்குத் தலையாட்டுகிறார்கள். ஆனால் பள்ளி மூலம் எழுதிய பிள்ளை மூன்று பாடத்தில் தேறி இரண்டில் போனால், அந்த மூன்று அவனுடையதாகிவிடுகிறது. மீதி இரண்டை மட்டும் துணைத்தேர்வில் எழுதலாம், தேறினால் அதே வருடம் பதினொன்றில் சேரலாம். டி.சி. வாங்கிப் போனவனுக்கு இதில் எதுவும் தானாக நடக்காது. தனித்தேர்வராக எழுத அவனே சேவை மையம் தேடிப் போய்ப் பதிய வேண்டும், அதற்கும் முன்னால் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிந்து வகுப்புக்குப் போக வேண்டும். லைன் வீட்டிலோ, பாடி என்கிற பழங்குடிக் குடியிருப்பிலோ இருக்கிற பிள்ளைக்கு இதை யார் சொல்வார்கள்? பெண் பிள்ளை என்றால் இன்னொன்றும் போகிறது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவளுக்குத்தான் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். கல்லூரிக்குப் போவதற்கு வீட்டில் சம்மதம் வாங்கித் தரும் பணம் அது.

கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் காக்கிறது. எட்டாவது முடிக்கும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு அனுப்ப முடியாது. ஒன்பதாவதில் அந்தக் காவல் எடுபட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கும் வாசலுக்கும் நடுவே நிற்பது தலைமையாசிரியர் ஒருவர்தான். ‘என்னால் என்ன செய்ய முடியும்’ என்று கேட்டீர்களே, முதல் வேலை இப்படி நிற்பதுதான்.

அடுத்த வேலை, பத்தாவதை விட்டு ஒன்பதாவதைப் பார்ப்பது. அமெரிக்காவில் சிகாகோ நகரப் பள்ளிகளின் பதிவேடுகளைப் பல வருடம் அலசிய ஆய்வாளர்கள் 2005இல் ஒன்றைச் சொன்னார்கள். அங்கே உயர்நிலைப் பள்ளியின் முதல் வருடம் ஒன்பதாவது. அந்த வருடத்தைப் பாடங்களில் பின்தங்காமல் தாண்டிய பிள்ளை நான்கு வருடத்தில் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு, பின்தங்கிய பிள்ளைக்கு இருந்ததைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். அதே குழு அடுத்துக் கண்டது இன்னும் முக்கியம். எட்டாவதில் வாங்கிய மதிப்பெண்ணை விட, ஒன்பதாவதில் எத்தனை நாள் பள்ளிக்கு வந்தான் என்பதை வைத்தே பாடத்தில் தவறுவானா என்று நன்றாகச் சொல்ல முடிந்தது. சிகாகோ வேறு, உங்கள் பக்கத்துச் சேரம்பாடி வேறுதான். ஆனால் வருகைப் பதிவேடு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இதை ஆய்வு எதுவும் படிக்காமலே தெரிந்து வைத்திருந்த ஒருவர், அக்கா போன பிறகு எங்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்தார். ஒரு நாள் என்னையும் தம்பியையும் கூப்பிட்டார். மேஜையில் எட்டாம் வகுப்பு ரெஜிஸ்டரும் ஆறாம் வகுப்பு ரெஜிஸ்டரும் பக்கத்தில் பக்கத்தில் விரித்திருந்தன. ஆகஸ்ட் மாதக் கட்டங்களில் சிவப்பு மையில் எனக்கு, வரவில்லை என்பதற்கான ‘ஆ’ இருக்கிற நாளில் அவனுக்கு இல்லை, அவனுக்கு இருக்கிற நாளில் எனக்கு இல்லை. விரலை வைத்துக் காட்டிவிட்டு, “ஸ்வெட்டர் ஒண்ணுதானா?” என்றார். ஆமாம், ஒன்றுதான். மழைக்குளிரில் அதை மாற்றி மாற்றிப் போட்டு வந்துகொண்டிருந்தோம். திட்டவே இல்லை. மறுநாள் பியூன் கையில் பழைய நீலநிற ஸ்வெட்டர் ஒன்று வந்தது, முழங்கையில் தையல் போட்டது. நான் பத்தாவது தேறினதற்கு எத்தனையோ பேருக்கு நன்றி சொல்லலாம், முதலில் அந்த இரண்டு ரெஜிஸ்டருக்குத்தான் சொல்வேன்.

இப்போது வருகை, பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் ஏறிவிடுகிறது. ஏறுகிறதே தவிர யார் பார்க்கிறார்கள்? வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை என்று வையுங்கள், ஒன்பதாவதின் வருகையை வகுப்பாசிரியரோடு உட்கார்ந்து பாருங்கள். மாதத்தில் மூன்று நாளுக்கு மேல் வராத பிள்ளை யார், என்ன காரணம் என்று மட்டும் கேளுங்கள். காரணம் பெரும்பாலும் கையில் அடங்குவதாகவே இருக்கும். கைக்குழந்தையை விட்டு அம்மா கொழுந்துக்குப் போவதால் மூத்தவள் வீட்டில் நிற்பாள். சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் அலைவார்கள். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, ஒன்பதாவது பிள்ளை வெறும் கட்டன் சாயாவோடு மூன்று கிலோமீட்டர் நடந்து வருவான். இதில் எதை உங்களால் சரிசெய்ய முடியும், எதைப் பள்ளி மேலாண்மைக் குழுவால் முடியும் என்று அங்கேயே பிரித்துக்கொள்ளலாம்.

மாலை வகுப்பை இன்றே நிறுத்துங்கள். பந்தலூர், கூடலூர் பக்கம் பொழுது சாய்ந்தால் யானை எந்த வளைவில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் பிள்ளைகளை நிறுத்தி வைப்பதே தவறு. பெண்கள் வராதது அசட்டை இல்லை, வீட்டார் விடமாட்டார்கள், விடவும் கூடாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பீரியடை அதற்கென்று ஒதுக்குங்கள். ஏழு பேருக்கு ஏழு பாடத் திட்டம் வேண்டாம். வீட்டில் பணிய மொழி பேசுகிற பிள்ளைக்குக் கணக்கு வராமல் இல்லை, கணக்கு எழுதியிருக்கிற தமிழ் வாக்கியம் பிடிபடவில்லை. அவனை வாய்விட்டுப் படிக்க வைத்துக் கேட்டாலே எங்கே தடுக்குகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஆசிரியர்கள் முகம் மாறுகிறது என்றீர்கள். நோட்டும் பேனாவுமாகப் பின்பெஞ்சில் உட்கார்ந்தால் யாருக்கும் மாறத்தான் செய்யும். நியூசிலாந்தின் கல்வி ஆய்வாளர் விவியன் ராபின்சனும் அவருடைய சகாக்களும் 2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் செய்கிற வேலைகளில் பிள்ளைகளின் படிப்போடு மிக நெருக்கமான தொடர்பு காட்டியது, ஆசிரியர்கள் கற்பதை முன்னின்று நடத்தி அதில் தானும் சேர்ந்து கற்பது. அதனால் முதலில் உங்கள் கணக்கு வகுப்பை மற்றவர்கள் வந்து பார்க்கட்டும். அந்த ஏழு பேரையே வைத்து நடத்துங்கள். எங்கே சரியாக வரவில்லை என்று அவர்களைக் கேளுங்கள்.

சதவீதம் குறையும், அதை மறைக்க விரும்பவில்லை. மீட்டிங்கில் எழுப்பி நிறுத்தலாம், விளக்கம் கேட்டு மெமோ வரலாம். அதற்கு முன்பே மேலாண்மைக் குழுவைக் கூட்டி, பதிவேட்டில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் தேர்வு எழுதுவார்கள் என்று தீர்மானம் போட்டுப் பெற்றோர் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். எழுந்து நிற்கும்போது கையில் அது இருக்கட்டும்.

தீபாவளிக்குப் பிறகு வராதவன் வீட்டுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். தோட்டத்தில் அன்றைக்குத்தான் லீவு, அவன் அம்மா வீட்டில் இருப்பார். வகுப்பாசிரியரையும் கூட்டிக்கொள்ளுங்கள். என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள். மூன்று மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

அன்புடன்.