மருத்துவர் பதில்: விடிய விடிய வரையும் மகன்

"பத்து நாளாக ராத்திரி முழுக்க வரைகிறான். இரண்டு மணி நேரம்தான் தூக்கம், ஆனாலும் முகத்தில் களைப்பே இல்லை. இப்போதைக்கு அது ஒன்றுதான் ஆறுதல்" என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பக்கக் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது அந்த ஆறுதல்தான், அம்மா.

முதலில் கறுப்புக் கதையை முடித்துவிடுவோம். மனச்சோர்வுக்காகப் போகும் கவுன்சலிங்கில் மகன் போடும் படமெல்லாம் கறுப்பு, சாத்திய கதவுகள், ஆளில்லாத வளவு (வீட்டு முற்றம்). 'கறுப்பில் வரைந்தால் தற்கொலை எண்ணம்' என்று யூடியூபில் யாரோ சொல்லிவிட்டார். படத்தின் நிறத்தை வைத்து மனநோயைச் சொல்லும் வித்தை மருத்துவத்தில் கிடையாது. காரைக்குடிப் பையன் பூட்டிய வீட்டை வரைந்ததில் என்ன அதிசயம்? எந்தத் தெருவுக்குப் போனாலும் நாலு வீடு பூட்டித்தான் கிடக்கிறது. தற்கொலை எண்ணம் உண்டா என்று தெரிய வேண்டுமென்றால் அவனிடமே கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதாப்பா?" கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

'படம் போடுவதற்கா இவ்வளவு ஃபீஸ்' என்கிறாராம் உங்கள் வீட்டுக்காரர். அதை அவர் டிராயிங் கிளாஸ் என்று நினைத்துவிட்டார். வாயில் வராததைக் காகிதத்தில் இறக்கிவைத்துவிட்டால் அதைப் பற்றிப் பேசுவது சுலபம். இருபது நிமிடம் வரைவது, மிச்ச நேரம் பேசுவது என்று வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் பென்சில், கிரேயான் போதும். ஈரக் களிமண்ணும் வாட்டர் கலரும் கைக்கு அடங்காமல் ஓடும், மனம் ஏற்கெனவே ததும்பி நிற்பவருக்கு அது இன்னும் கிளறிவிடும். வின்னிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் பிள்ளைகளிடம் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்: இவர் ஒரு கிறுக்கல் போடுவார், பிள்ளை அதை உருவமாக்கும், பிறகு பிள்ளை கிறுக்கும், இவர் முடிப்பார். அப்படியே பேச்சு தொடங்கிவிடும். நல்ல கவுன்சலர் படத்துக்கு அர்த்தம் சொல்லமாட்டார். "இந்த வீட்டுக்குள்ள யார் இருக்காங்க? ஒரு கதவைத் திறக்கலாம்னா எதைத் திறப்பே?" என்று கேட்பார். முதல் நாளே 'இது அப்பா மேல் கோபம்' என்று ஜோசியம் சொல்பவராக இருந்தால் ஆளை மாற்றுங்கள்.

நீங்களும் ஒன்றை நிறுத்த வேண்டும். படங்களைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். சித்தப்பா பாராட்டுக்காக வரைய ஆரம்பித்துவிட்டால் சிகிச்சை அங்கேயே நின்றுபோகும்.

இனி அந்தப் பத்து நாள். கூடவே பதினாலாயிரம் ரூபாய்க்குப் பெயின்ட் ஆர்டர் செய்திருக்கிறான். பங்காளிகளைக் கேட்காமலே பொது வீட்டின் முகப்பை ஆர்ட் கேலரி ஆக்கப்போவதாகச் சொல்கிறான், மறுத்தால் கத்துகிறான். கவுன்சலிங் அவன் திறமையைத் திறந்துவிட்டது என்று நீங்கள் பூரிக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் மாத்திரை மேல். மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. மாத்திரை தொடங்கி ஐந்து வாரம் ஆகிறது. சிலருக்கு, முக்கியமாக உள்ளே பைபோலார் (மனம் ஒரு சமயம் உச்சத்துக்கும் ஒரு சமயம் சோர்வுக்கும் போகும் நோய்) இருப்பவர்களுக்கு, இந்த வகை மாத்திரை மனநிலையை எதிர்ப்பக்கம் தூக்கிவிடும். அதற்கு மேனியா என்று பெயர். ஆர்வத்தில் கண்விழித்து வரைந்தவன் மறுநாள் மதியம் சாய்ந்துவிடுவான். இவனுக்குத் தூக்கமே தேவைப்படவில்லை, அதுதான் அறிகுறி. நாலு நாள் நீடித்தாலே கவனிக்க வேண்டியது, நீங்கள் பத்து நாள் விட்டிருக்கிறீர்கள். இப்படியே விட்டால் கடன், பைக்கில் வேகம், அடிதடி, பிறகு முன்னைவிட ஆழமான சோர்வு என்று போகலாம்.

மாத்திரை எழுதிய மனநல மருத்துவருக்கு இன்றே போன் செய்யுங்கள். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்: எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் தூங்கினான், மாத்திரை எப்போது தொடங்கியது, செலவு எவ்வளவு, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா. மாத்திரையை நிறுத்துவதா மாற்றுவதா என்பது அவர் முடிவு. நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கவுன்சலருக்கும் சொல்லுங்கள், தூக்கம் திரும்பும்வரை மனதைக் கிளறும் வேலை எதுவும் வேண்டாம். ராத்திரி ஒன்பதுக்கு மேல் பெயின்ட், காபி, போன் மூன்றும் இருக்கக் கூடாது. ஏடிஎம் கார்டு அப்பாவிடம் இருக்கட்டும். டாக்டர் கிடைக்காவிட்டால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். காதில் குரல் கேட்கிறது என்றாலோ கை ஓங்கினாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். போனில் ஆலோசனைக்கு அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, இரவிலும் எடுப்பார்கள்.

உங்கள் பதற்றத்துக்கான அல்பிரசோலம் மாத்திரையைப் பாதி உடைத்துப் பாலில் கலந்து கொடுத்தீர்களாமே! சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மாத்திரை அது. கடைக்காரர் கொடுத்தார் என்பது சமாதானமில்லை. பாலில் கலந்தது அவனுக்குத் தெரிந்தால் நாளை டாக்டர் தரும் மருந்தையும் தொடமாட்டான். இதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

உங்கள் இடது கண் துடிப்பது தூக்கம் கெட்டதாலாக இருக்கலாம். முடி உதிர்வதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.