பேத்தியைப் போன்ற பிள்ளைகளுக்கு: கவனிப்புக்குக் கொடுப்பதா, ஆராய்ச்சிக்குக் கொடுப்பதா?

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்றவன். எங்கள் பேத்திக்கு ஒன்பது வயது. ஆறாம் மாதத்தில் காய்ச்சலோடு முதல் வலிப்பு வந்தது. அரை மணி நேரம் நிற்கவே இல்லை. அதன் பிறகு கொடுத்த மருந்தில் வலிப்பு குறைவதற்குப் பதில் கூடியது. மூன்று வயதில் மரபணுப் பரிசோதனை செய்தபோதுதான் டிராவெட் சிண்ட்ரோம் என்ற மரபணு வலிப்பு நோய் என்று தெரிந்தது. மருந்தை மாற்றிய பின் ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது. ஓய்வின்போது வந்த தொகையில் ஒரு பகுதியை இவளைப் போன்ற பிள்ளைகளுக்குக் கொடுக்க நானும் மனைவியும் விரும்புகிறோம். மருமகன் "ஆராய்ச்சிக்குக் கொடுங்கள்" என்கிறார். மகளோ "இன்றைக்கு மருந்து கிடைக்காத பிள்ளைக்குக் கொடுங்கள்" என்கிறாள். எதற்குக் கொடுப்பது? மொத்தமாகவா, மாதாமாதமா? மீதியைப் பேத்தி பெயரிலேயே போட்டுவிடலாமா? இதற்கிடையே ஒரு மருத்துவ மையம், பணம் கட்டினால் ஸ்டெம் செல் ஆராய்ச்சியில் அவளைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்கிறது. அதற்கும் வழி சொல்லுங்கள்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: ஐயா, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் அவசரம் இருக்கிறது. அந்த மையத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். முறையான மருத்துவச் சோதனையில் சோதிக்கப்படும் மருந்துக்காகக் குடும்பத்திடம் பொதுவாகப் பணம் வாங்க மாட்டார்கள். பல சோதனைகளில் வந்துபோகும் செலவைக்கூட அவர்களே கொடுப்பார்கள். சோதனையின் பதிவு எண்ணைக் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தைக் கேளுங்கள். பதிவு எண் இருந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் மருத்துவச் சோதனைப் பதிவுத் தேடல் தளத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். பதிவு எண் இருந்தாலும் அது மட்டும் போதாது. உங்கள் பேத்தியைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவர் அந்தத் தாள்களைப் படித்துவிட்டு என்ன சொல்கிறார் என்பதே முடிவு. நிரூபிக்கப்படாத ஸ்டெம் செல் சிகிச்சைகளைக் காசுக்கு விற்கும் போக்கைக் குறித்து, அந்தத் துறை விஞ்ஞானிகளின் பன்னாட்டுச் சங்கமே தொடர்ந்து எச்சரித்து வருகிறது. பெற்றவர்களின் தவிப்பைக் காசாக்கும் வேலை இது. உங்கள் சேமிப்பில் ஒரு காசுகூட அங்கே போகக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இனி மகளுக்கும் மருமகனுக்கும் நடுவில் இருக்கும் கேள்வி. இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால் அவர்கள் கேட்பது இரண்டு வெவ்வேறு குணமுள்ள பணம். கவனிப்புக்குப் போகும் பணம் வைப்புநிதி வட்டி மாதிரி தேதி தவறாமல் வர வேண்டும். ஆராய்ச்சிக்குப் போகும் பணம் பங்கு முதலீடு மாதிரி. பல வருடம் அசையாமல் கிடக்கும், மொத்தமாகப் போனாலும் போகும். ஒன்றுக்குக் கொடுக்க வேண்டிய விதத்தில் மற்றதற்குக் கொடுத்தால்தான் தவறு நடக்கிறது. எதற்கு எவ்வளவு என்பதைவிட, எது எப்படிப் போக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

மகள் சொல்வதை எடுத்துக்கொள்வோம். உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்றும், அவர்களில் 80 சதவீதத்தினர் ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் வாழ்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும். ஆனால் ஏழை நாடுகளில் நான்கில் மூன்று பேருக்கு அந்தச் சிகிச்சை போய்ச் சேரவில்லை. பீனோபார்பிட்டோன் என்ற மருந்து 1912 முதல் வலிப்புக்குப் புழக்கத்தில் இருக்கிறது. விலை மிக மலிவு. அது கைக்கு எட்டாமல் ஒரு பிள்ளை விழுந்து விழுந்து எழுகிறது என்றால் அங்கே விஞ்ஞானத்தில் குறை இல்லை. மருந்து வாங்கி வைக்க, எடுத்துக் கொடுக்க, "போன மாதம் ஏன் வரவில்லை?" என்று கூப்பிட்டுக் கேட்கத்தான் ஆளும் பணமும் இல்லை.

வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று உங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். நிற்காத வலிப்பாக வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் கவனிப்புக்கு ஒரே தடவையில் பெரிய தொகை கொடுத்துவிட்டு விலகிக்கொள்வதை நான் பரிந்துரைப்பதில்லை. அந்த வருடம் நாற்பது பிள்ளைகளைப் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். அடுத்த வருடம் பணம் இருக்காது. பாதியில் மருந்து நின்ற பிள்ளையின் நிலை, தொடங்காத பிள்ளையின் நிலையைவிட மோசமாகவும் போகலாம். சிறிய தொகையாக இருந்தாலும் பத்து வருடம் தேதி தவறாமல் வரும் என்று எழுதிக் கொடுத்தால், அதை நம்பி, பிசியோதெரபியோ பேச்சுப் பயிற்சியோ கொடுக்கும் ஒரு தெரபிஸ்டை நிரந்தரமாக வேலைக்கு வைக்க முடியும்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். கவனிப்புக்கென்று நீங்கள் ஒதுக்குவதை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஆண்டுக்கு 6 சதவீதம் ஈட்டுகிறது. நீங்கள் ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 10 பங்கு எடுத்துக் கொடுக்கிறீர்கள். பணம் 14 வருடம் தாண்டி ஓடும். ஆனால் மருந்தும் சம்பளமும் அதே விலையில் நிற்காது. கொடுப்பதை வருடத்துக்கு 4 சதவீதம் உயர்த்திக்கொண்டே போனால் சுமார் 11 வருடத்தில் தீர்ந்துவிடும். இப்படி உயர்த்திக்கொண்டே, முதல் குறையாமல் என்றென்றைக்கும் ஓட வேண்டும் என்றால் தொடக்கத்தில் 2 பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் எடுக்கலாம். "எங்கள் பெயரில் நிரந்தர நிதி" என்ற எண்ணம் பலருக்கு உண்டு, அதில் தப்பில்லை. ஆனாலும் உங்கள் இடத்தில் நான் 11 வருடக் கணக்கையே எடுப்பேன். இன்றைக்கு ஐந்து வயதாக இருக்கும் பிள்ளைக்கு இந்தப் பதினோரு வருடம்தான் வளரும் காலம், அதற்குள் கிடைக்கும் பிசியோதெரபிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் பிறகு கிடைப்பது ஈடாகாது.

மருமகன் பக்கம் வருவோம். உங்கள் பேத்தியின் கதையே அவருக்குச் சாட்சி. ஷார்லட் டிராவெட் என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்த நோயை 1978இல் தனியாக அடையாளம் காட்டினார். எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவில் வரும் மாற்றம்தான் காரணம் என்று 2001இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த மரபணு, மூளை நரம்பணுக்களுக்குள் சோடியம் நுழையும் வாயிலை உருவாக்குகிறது. இந்த நோயில் அந்த வாயில் ஏற்கெனவே சரியாக வேலை செய்வதில்லை. அந்த வாயிலை மேலும் அடைக்கும் கார்பமசிபின், லாமோட்ரிஜின், பெனிட்டாயின் போன்ற மருந்துகள், மற்ற வலிப்புகளுக்கு நல்லவையாக இருந்தும், டிராவெட் பிள்ளைகளுக்கு வலிப்பைக் கூட்டிவிடும். மூன்று வயதில் உங்கள் பேத்திக்கு மருந்தை மாற்றினார்களே, அந்த ஒரு முடிவுக்குப் பின்னால் ஆராய்ச்சிக்கு யாரோ கொடுத்த பணம் இருக்கிறது.

பென்ஃப்ளூரமின் கதையையும் சொல்ல வேண்டும். உடல் எடையைக் குறைக்க விற்ற மருந்து அது. இதய வால்வைக் கெடுக்கிறது என்று 1997இல் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் பெல்ஜியத்தில் சில மருத்துவர்கள் அதைக் குறைந்த அளவில் டிராவெட் பிள்ளைகளுக்குக் கொடுத்து, இதயத்தையும் சோதித்துக்கொண்டே, வருடக்கணக்கில் ஒவ்வொரு வலிப்பையும் குறித்து வந்தார்கள். 12 பேரைப் பற்றிய அவர்கள் கட்டுரை 2012இல் வந்தது. அதிலிருந்து பெரிய சோதனைகள் நடந்து, 2020இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் டிராவெட்டுக்கு அந்த மருந்தை அனுமதித்தன. பொறுமையான மருத்துவர்கள், தவறாமல் எழுதிய குறிப்பு, அதற்கு வருடக்கணக்கில் நின்ற ஆதரவு. தொடக்கம் இவ்வளவுதான்.

காலம் எவ்வளவு ஆகும் என்பதற்கு, மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் இன்னொரு மரபணு நோயான ரெட் சிண்ட்ரோமைப் பாருங்கள். 1999இல் ஹூடா சோக்பியின் ஆய்வுக்கூடம் காரணமான மரபணுவைக் கண்டது. அதன் கோளாறை எலிகளில் திருப்பிச் சரிசெய்ய முடியும் என்று ஏட்ரியன் பேர்ட் என்ற ஆய்வாளர் 2007இல் காட்டினார். முதல் மருந்து அனுமதி பெற்றது 2023இல். நடுவில் 24 வருடம். அந்த மருந்தும் நோயைப் போக்குவதில்லை, சில அறிகுறிகளைத் தணிக்கிறது. ஆராய்ச்சிக்குக் கொடுக்கும்போது இந்தக் கால அளவை மனதில் வைத்துக் கொடுங்கள். ஐந்து வருடத்தில் பேத்தி குணமாவாள் என்ற எதிர்பார்ப்போடு கொடுத்தால் மனம் உடைந்துபோகும்.

உங்களைப் போன்ற தனி மனிதர் கொடுக்கும் தொகை புது மருந்து ஒன்றை உருவாக்கப் போதாது. ஆனால் பெரிய நிறுவனங்கள் கண்டுகொள்ளாத சில வேலைகளுக்கு அதே தொகை மிகப் பெரியது. நோயாளிப் பதிவேடு அதில் முதல். தெற்கு ஸ்வீடனில் 1994இல் பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள பிள்ளைகள் எல்லோரையும் ஒரு பதிவேட்டில் சேர்த்து, மூட்டுகள் எவ்வளவு மடங்குகின்றன என்று அளந்து, இடுப்பை எக்ஸ்ரே எடுத்துத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். முன்பு பத்தில் ஒரு பிள்ளைக்கு இடுப்பு மூட்டு நழுவிக்கொண்டிருந்தது. அது 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. நழுவிய இடுப்போடு உட்காரவும் படுக்கவும் முடியாமல் வலியில் அழும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணின் அருமை புரியும். இது கவனிப்பா, ஆராய்ச்சியா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்த மாதிரி வேலையைத் தேடிக் கொடுங்கள் என்பதுதான் உங்கள் மகளுக்கும் மருமகனுக்கும் நான் சொல்லக்கூடிய சமாதானம். மரபணுப் பரிசோதனைக் கட்டணம், சோதனையில் சேரும் ஏழைக் குடும்பத்தின் பயணமும் தங்குமிடமும், குழந்தை நரம்பியல் படிக்கும் இளம் மருத்துவருக்கு உதவித்தொகை என்று இதே வரிசையில் இன்னும் உண்டு.

பிரிப்பது எப்படி என்றால், கொடுக்க நினைத்ததில் பத்தில் ஆறு பங்கு கவனிப்புக்கு, மூன்று பங்கு ஆராய்ச்சிக்கு, ஒரு பங்கு கையில். ஆராய்ச்சிப் பங்கை மூன்று அல்லது ஐந்து வருடத் தவணையாக, என்ன செய்து முடித்தார்கள் என்ற அறிக்கை வந்த பின் அடுத்தது என்று கொடுங்கள். முடிவு சாதகமாக வந்தாலும் வராவிட்டாலும் வெளியிடுவோம் என்று எழுதி வாங்குங்கள். கையிலிருக்கும் ஒரு பங்கு, நீங்கள் ஆதரிக்கும் இடத்துக்கு வேறு நன்கொடை நின்றுபோய் மருந்துக்குத் தட்டுப்பாடு வரும் மாதத்துக்கு.

இடத்தைத் தேர்ந்தெடுக்கத் தணிக்கை அறிக்கை பாருங்கள், பதிவுச் சான்று பாருங்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். "நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்?" என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்தத் துறையில் தெரபிஸ்டின் சம்பளம்தான் சேவையே. நேரில் போய் மருந்து கொடுக்கும் பதிவேட்டைக் கேளுங்கள், பெயர்களை மறைத்துக் காட்டினால் போதும். போன தடவை மருந்து வாங்கிய தேதி, அடுத்து வர வேண்டிய தேதி, வந்த தேதி என்று பத்திகள் இருக்கும். மூன்றாவது பத்தி காலியாக இருக்கும் இடத்தில் யாராவது போன் செய்து காரணம் குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். குறித்திருந்தால் அந்த இடத்தை நம்பலாம். மருந்துக் கையிருப்பு எத்தனை வாரத்துக்கு இருக்கிறது, பதினெட்டு வயதான பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பல இடங்களில் பதில் இருக்காது. பதில் வைத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

இதெல்லாம் உங்கள் பேத்திக்கு ஒதுக்கியது போக மிஞ்சுவதில்தான். உங்களுக்கும் மனைவிக்கும் ஆயுள் முழுக்கத் தேவையானது, பேத்திக்கு அவள் பெற்றோர் காலத்துக்குப் பிறகும் தேவைப்படுவது, இரண்டையும் எடுத்து வைத்த பிறகே நன்கொடை. அவள் பெயரில் நேரடியாகப் போட வேண்டாம். வயது வந்த பிறகு அவளால் கையெழுத்திட்டு நிர்வகிக்க முடியாமல் போனால் பணம் முடங்கும். பல நாடுகளில், பெயரில் சொத்து இருந்தால் அரசு உதவி குறையவும் செய்யும். அவளுக்கென்று ஒரு தனி அறக்கட்டளை எழுதுங்கள். குடும்பத்தில் ஒருவர், வெளியே தொழில்முறையாளர் ஒருவர் என அறங்காவலர்களை நியமித்து, அவர்களுக்குப் பின் யார் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

அந்தப் பத்திரத்தோடு மகள் கையால் எழுதிய ஒரு குறிப்பையும் வையுங்கள். எந்த மருந்து எத்தனை மணிக்கு, கொடுக்கவே கூடாத மருந்துகள் எவை, வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் என்ன செய்வது, காய்ச்சலும் சுடுநீர்க் குளியலும் ஏன் ஆகாது, எந்தப் பாட்டுக்கு அமைதியாவாள். வருடத்துக்கு ஒரு முறை மகளே அதைத் திருத்தி எழுதித் தேதி போடட்டும்.